பேருக்குப் பின்னால

மௌனிகா: …அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இதைப் போடச் சொன்னது ஆரு? அதை மட்டும் சொல்லுங்க.

சந்துரு: எதை? ஏம்புள்ள, கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில சிப்டு முடிஞ்சு இப்பத்தான் வண்டிய நிறுத்தறேன். ஹெல்மெட்டக்கூடக் கழட்டுல. ஒரு சொம்பு தண்ணி குடு மொதல்ல…

மௌனிகா: கொடத்துல இருக்குது, மொண்டு குடிச்சுக்குங்க. இந்தப் படத்தப் பாருங்க.

சந்துரு: இது… யோகப்பிரியா கல்யாணத்துப் பிளக்ஸாட்டம் இருக்குது.

மௌனிகா: ஆட்டமெல்லாம் இல்லீங்க, அதேதான். உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்ல, பஸ்ல போறவன் வர்றவன் அத்தனை பேருக்கும் தெரியற மாதிரி கட்டுனீங்களே. கடைசி வரியப் படிங்க.

சந்துரு: 'அன்புடன் வரவேற்கும் அண்ணன் சந்துரு பி.இ., அண்ணி மௌனிகா பி.காம்.' சரி… அதுக்கென்ன இப்ப?

மௌனிகா: நான் பி.காமா?

சந்துரு: படிச்சயல்ல?

மௌனிகா: படிச்சேன். பாஸானனா?

சந்துரு: ஒரே ஒரு பேப்பருதான புள்ள…

மௌனிகா: இந்த ஊட்டுல அஞ்சு வருசமா என்ற பேரு என்னங்க? சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. உங்கம்மா என்னைய என்னன்னு கூப்புடறாங்க?

சந்துரு: அதெதுக்கு இப்ப…

மௌனிகா: 'பெயிலானவ.' பாலு திரிஞ்சு போனா, 'பெயிலானவ காச்சுனா இப்படித்தான்.' ஒறம்பரை சனம் வந்தா, 'இவ என்ற மருமவ, பி.காம் பெயிலு.' அப்படிப்பட்டவ பேருக்குப் பின்னால பி.காம் எங்கிருந்துங்க வந்து ஒட்டுச்சு?

சந்துரு: கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அந்த பிளக்ஸ் மாட்டுச்சாளைக்கு மேல கூரையாக் கெடக்குது. இன்னைக்கி வந்து சண்டை கட்டறயே, அன்னைக்கிப் பாக்கலையா?

மௌனிகா: எங்க பாக்கறது? நீங்க மாலையும் கழுத்துமா வாசல்ல நின்னீங்க. நான் விடியக்காலம் நாலு மணிக்கு சீர்த்தட்டத் தூக்கிட்டு சமையக்கட்டு வழியா உள்ள போனவ, பந்தி முடிஞ்சு பாத்திரம் எண்ணி வெச்சுப்போட்டு அதே வழியா வெளிய வந்தேன். இப்பவும் எழுத்து மானத்தப் பாத்துக் கெடக்குது. காக்காய்தான் படிக்கோணும்.

சந்துரு: சரி உடு. இந்தப் படத்த ஆரு அனுப்புச்சா?

மௌனிகா: பி.எஸ்.சி.

சந்துரு: ஆரு?

மௌனிகா: கவர்மென்ட் வேலைக்குப் பரிட்சை வெக்கறாங்களே, அந்தப் பாலக்காட்டு பி.எஸ்.சி. ஆபீஸ்ல இருந்து, ரிஜிஸ்டர் தபால்ல. கலர்ல பிரிண்ட் போட்டுச் சேத்து வெச்சிருக்கறாங்க. இந்தாங்க, நோட்டீசு. மலையாளத்துல இருக்குது. நான் எழுத்துக் கூட்டி மூணு தடவ படிச்சுட்டேன்.

சந்துரு: குடு… 'பட்டம் பெற்றவர் எனப் பராதி…' பராதின்னா புகாரல்ல? உம்மேல ஆரு புகார் குடுத்தா?

மௌனிகா: பேரில்லாத கடுதாசி. ரேங்க் லிஸ்ட்டுல எனக்குக் கீழ இருக்கற எவனோ, எவளோ. தனக்கு முன்னால ஒரு ஆளு விழுந்தா ஒரு எடம் மேல ஏறலாமல்ல? படத்த எடுத்து வெச்சு, சமயம் பாத்து அனுப்பியிருக்கறாங்க.

சந்துரு: நூத்தி நாப்பத்தி மூணுதான உன்ற ரேங்க்கு?

மௌனிகா: ஆமாங்க. போன வாரம் நூத்தி முப்பத்தேழு வரைக்கும் வேலைக்கு எடுத்தாச்சுன்னு அட்வைஸ் மெமோ போயாச்சு. இன்னும் அஞ்சே பேரு. அஞ்சு பேரு தாண்டுனா எனக்கு ஆர்டரு. அந்த நேரத்துல இது வருது.

சந்துரு: அது… பி.காம்னு போட்டா என்ன தப்பு? அதிகமாப் படிச்சா நல்லதுதான?

மௌனிகா: எத்தன தடவ சொல்லியிருக்கறேன், காதுல வாங்குனீங்களா? இது லாஸ்ட் கிரேடு, ப்யூன் வேலைங்க. ஏழாவது பாஸாயிருந்தாப் போதும். ஆனா டிகிரி இருக்கக் கூடாது. இருந்தா அப்ளிகேசனே போடக் கூடாது. 'எனக்கு டிகிரி இல்லை'ன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். பொய்யின்னு ஆச்சுன்னா லிஸ்ட்டுல இருந்து தூக்கறதோட நிக்காது. இனி எந்தப் பரிட்சையும் எழுத முடியாதபடி பண்ணிப்போடுவாங்க.

சந்துரு: அடக் கடவுளே…

மௌனிகா: கடவுள எதுக்குக் கூப்புடறீங்க? அவரா பிளக்ஸ் அடிச்சாரு? சொல்லுங்க. போடச் சொன்னது ஆரு?

சந்துரு: …அந்த ரிஞ்சு.

மௌனிகா: பிளக்ஸ் கடைக்கார ரிஞ்சுவுக்கு நான் என்ன படிச்சேன்னு எப்படீங்க தெரியும்? அவனா என்ற காலேஜ்ல வாத்தியாரு?

சந்துரு: அவன் டிசைன வாட்சப்புல அனுப்புனான். எல்லாப் பேருக்குப் பின்னாலயும் டிகிரி. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொள்ளாச்சி ஆளுக, தெரியுமல்ல? மாப்பிள்ளை எம்.டெக்கு, அவங்கண்ணன் எம்.பி.ஏ., அண்ணி எம்.எஸ்.சி., பி.எட்டு. ஒம்பது வயசுப் பையன் பேருக்குப் பின்னாலகூட 'நாலாம் வகுப்பு'ன்னு போட்டிருந்தாங்க. நம்ம பக்கம் யோகப்பிரியாவுக்கு இருக்குது, எனக்கு இருக்குது. உன்ற பேருக்குப் பின்னால மட்டும் வெறும் எடம். பல்லு போனாப்புல இருந்துச்சு. 'அண்ணா, அண்ணிக்கு என்ன போடோணும்?'னு கேட்டான்…

மௌனிகா: நீங்க போடுன்னுட்டீங்க.

சந்துரு: …ஆமா.

மௌனிகா: எனக்கோசரமா, உங்களுக்கோசரமா?

சந்துரு: ரெண்டு பேருக்கும்தான்! அத்தன பேரு முன்னால உனக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மௌனிகா: ஊட்டுக்குள்ள பெயிலானவ, ரோட்டுல பி.காமு. நல்ல மரியாதைங்க!

சந்துரு: லொள்ளு பேசாத. டிகிரி இல்லாட்டி இன்னைக்கி எவன் மதிக்கறான்? சபையில போய் உக்காரு. மொத கேள்வியே 'என்ன படிச்சிருக்கறீங்க?' அதுக்கு வாய மூடிட்டு உக்காந்தா அவ்வளவுதான். அடுத்த கேள்வியே கேக்க மாட்டாங்க. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.

மௌனிகா: எனக்கா தெரியாது? உங்களுக்கு எப்படீங்க தெரியும்?

சந்துரு: …பொதுவாச் சொல்றேன்.

மௌனிகா: டிகிரி மதிப்பா? என்கூடப் படிச்சவ ஷம்னா, கிளாஸ்லயே மொத மார்க்கு. கொழிஞ்சாம்பாறை ஜவுளிக்கடையில சேலைய மடிச்சு மடிச்சு வெக்கறா. உக்கார ஸ்டூலு கெடையாது. நர்மதா பாலக்காட்டுல ஒரு ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கறா. ரெண்டு பேரும் பி.காமு, பாஸு. இந்தப் பரிட்சைய அவங்களால எழுதவே முடியாதுங்க, டிகிரி இருக்குதுன்னு. என்னையப் பாத்து, 'நீ குடுத்து வெச்சவ, பெயிலாயிட்டே'ன்னு சொல்றாங்க. இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்றது?

சந்துரு: அதுக்கு? படிக்கவே வேண்டாங்கறயா?

மௌனிகா: உங்களயே எடுத்துக்கலாமே. பி.இ. இரும்புக் கம்பெனியில ஆறு வருசம். இன்னும் கான்ட்ராக்டு. மூணு மாசத்துக்கு ஒருக்கா கேட்டுல நின்னு பாஸு புதுப்பிக்கறீங்க. உங்களுக்குப் பொறவு வந்த நஜீம் ஐ.டி.ஐ. அவன் பர்மனென்ட் ஆயிட்டான். எப்படி?

சந்துரு: அவன் பிட்டரு. அந்த ட்ரேடுல ஆளு எடுத்தாங்க.

மௌனிகா: போன வருசம் என்ஜினியருக்கும்தான எடுத்தாங்க? நான்தான பேப்பர்ல பாத்து வெட்டி வெச்சேன். ஏன் போடுல?

சந்துரு: போடுல, அவ்வளவுதான். அங்க ஆள் தெரியோணும்.

மௌனிகா: ஆறு வருசமா உள்ளயே இருக்கறீங்க, இன்னும் என்ன ஆள் தெரியோணும்?

சந்துரு: பேச்ச மாத்தாத. உன்ற விசயம் பேசிட்டிருக்கறோம். இரு… இரு. எதுக்கு நாம இப்படிக் கத்தறோம்?

மௌனிகா: கத்தாம? அஞ்சே அஞ்சு பேருங்க!

சந்துரு: அட கேளு. நீ நெசமாவே பெயிலுதான?

மௌனிகா: உங்கம்மாதான் தெனமும் சொல்றாங்களே.

சந்துரு: அப்பறமென்ன! பி.காம்னு பிளக்ஸ்ல போட்டாப் பி.காம் ஆயிருமா? உன்ற பெயிலு மார்க் லிஸ்ட்ட எடுத்துட்டுப் போய் டேபிள் மேல போடு. 'சார், பாருங்க, கணக்குப் பேப்பர்ல போயிருச்சு.' முடிஞ்சுது. இதுக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டம்…

மௌனிகா: அவ்வளவு லேசு இல்லீங்க.

சந்துரு: ஏன்? மார்க் லிஸ்ட்டு எங்க?

மௌனிகா: எங்கம்மா ஊட்டுல கெடக்கும்.

சந்துரு: கொல்லங்கோடு என்ன லண்டன்லயா இருக்குது? நாளைக்கிப் போய் எடுத்துட்டு வர்றேன்.

மௌனிகா: அங்கயும் இருக்குதோ என்னமோ. போன மழையில தகரப்பொட்டி நனஞ்சு போச்சு.

சந்துரு: செரி, காலேஜ்ல கேட்டா இன்னொண்ணு குடுப்பாங்க.

மௌனிகா: ஏனுங்க, பெயிலான காகிதத்தத் தூக்கிட்டு ஊரூராப் போய்க் காட்டச் சொல்றீங்களா? அதையும் ஒரு பிளக்ஸ் அடிச்சு ரோட்டுல கட்டீருங்களேன்.

சரஸ்வதியம்மாள்: என்னடா சந்துரு, என்ன கூச்சல்? பம்பு செட்டு வரைக்கும் கேக்குது. வேலைக்குப் போயிட்டு வந்தவனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம இப்படிக் கத்தறயே, அம்மிணி?

மௌனிகா: நல்லாக் கேளுங்க அத்தை. உங்க பையன் பிளக்ஸ்ல என்ற பேருக்குப் பின்னால பி.காம்னு போட்டாரே, உங்களுக்குத் தெரியுமா?

சரஸ்வதியம்மாள்: தெரியும். நான்தான் சொன்னேன்.

மௌனிகா: நீங்களா?

சந்துரு: அம்மா, நீ கம்முனு இரு…

சரஸ்வதியம்மாள்: எதுக்குக் கம்முனு இருக்கோணும்? பொள்ளாச்சிக்காரி, சம்பந்தியம்மா, பத்திரிகை எழுதறப்பவே கேட்டா. 'உங்க மருமவ என்ன படிச்சிருக்குது?'ன்னு. என்ஜினியரு பொண்டாட்டி பெயிலுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. பி.காமுன்னு சொல்லிப்போட்டேன். சொன்னதுக்குத் தக்கன பிளக்ஸ்லயும் போட வேண்டாமா?

மௌனிகா: அத்தை, உங்க நாக்கு வராததுனால என்ற வேலை போகப் போகுது.

சரஸ்வதியம்மாள்: என்ன பெரிய வேலை! ஆபீஸ்ல பெல்லடிச்சா எந்திரிச்சு ஓடற வேலை. பைலத் தூக்கி அங்கிருந்து இங்க வெக்கற வேலை. என்ஜினியரு ஊட்டுல இருந்து அதுக்குப் போறாளேன்னு எனக்கே கூச்சமா இருக்குது.

மௌனிகா: ஓடறேன். பெல்லடிச்சா ஓடறேன், டீ வாங்கிட்டு வரச் சொன்னா வாங்கிட்டு வர்றேன். ஆனா அறுவது வயசு வரைக்கும் ஒருத்தனும் என்னையப் பாத்து 'நாளைக்கி வர வேண்டாம்'னு சொல்ல முடியாது அத்தை. உங்க பையனால அப்படிச் சொல்ல முடியுமா? சொல்லச் சொல்லுங்க பாப்பம்.

சந்துரு: மௌனி!

சரஸ்வதியம்மாள்: பாத்தயாடா, பெயிலானவளுக்கு வாயப் பாத்தயா? என்ற பையன் பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து இருக்குது. அதைய ஆரும் புடுங்க முடியாது.

மௌனிகா: இன்னொரு தடவ 'பெயிலானவ'ன்னு சொன்னீங்கன்னா நான்… வேண்டாம் அத்தை. இன்னைக்கி வேண்டாம்.

சரஸ்வதியம்மாள்: இல்லாததையா சொல்றேன்? மூணு தடவ போயி எழுதுனே. மூணு தடவையும் போச்சு. கடைசித் தடவ ரிசல்ட்டு வந்த அன்னைக்கி மாட்டுச்சாளையில போய் உக்காந்து அழுதயே, நான் பாக்கலைன்னு நெனச்சயா? பாவமேன்னு அன்னைக்கி மட்டும் நான் ஒண்ணுஞ் சொல்லல.

மௌனிகா: …ஆமா. அழுதேன்.

சரஸ்வதியம்மாள்: அப்பறமென்ன? சரி, இப்ப என்ன பண்ணோணும்கறாங்க?

சந்துரு: வர்ற பதினெட்டாந் தேதி பத்து மணிக்கு நேர்ல வந்து பதில் சொல்லோணும்.

சரஸ்வதியம்மாள்: அவ்வளவுதான? நீ கூடப் போடா சாமி. அங்க இருக்கறவன் எல்லாம் படிச்சவன். படிச்சவன் சொன்னாத்தான் கேப்பான். 'நான் என்ஜினியரு, என்ற பொண்டாட்டி பெயிலு, அச்சடிச்சவன் தப்புப் பண்ணிட்டான்'னு ஒரு வார்த்த சொல்லு. மறக்காம உன்ற சர்டிபிகேட்டையும் கொண்டு போயிக் காட்டு.

சந்துரு: அதெதுக்கும்மா…

சரஸ்வதியம்மாள்: காட்டுடா! பிரேம் போட்டு ஆசாரத்துச் செவுத்துல மாட்டுன்னு அஞ்சு வருசமாத் தலையால அடிச்சுக்கறேன். இதுக்காச்சும் வெளிய எடு. பீரோ சாவி எங்க வெச்சிருக்கற?

சந்துரு: நான் எடுத்துக்கறேன், நீ போ. மணி மூணரை ஆச்சு. சொசைட்டிக்குப் பாலு கொண்டு போகுல?

சரஸ்வதியம்மாள்: ஐயோ, பேச்சு சுவாரசியத்துல மறந்தே போனேன். அவன் மூணே முக்காலுக்கு மேல அளக்க மாட்டான். அம்மிணி, கேன எடுத்துக் குடு. நான் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அக்கம்பக்கம் கேக்கற மாதிரிக் கத்தாதீங்க.

மௌனிகா: …போயாச்சு. எடுங்க.

சந்துரு: என்னத்த?

மௌனிகா: சர்டிபிகேட்ட. வாழ்க்கையில மொதத் தடவையா உங்கம்மா சொன்னது எனக்குச் சரியாப் படுது. வெறும் வாயில 'பிளக்ஸ்ல போட்டது பொய்'ன்னு சொன்னா, 'உன்ற பேருக்குப் பின்னால போட்டது மட்டும் நெசமா?'ன்னு கேப்பாங்க. உங்களுத டேபிள் மேல போட்டுப்போட்டு, 'இது நெசம், அவளுது நான் சும்மா போட்டது'ன்னு சொன்னாத்தான் எடுபடும். அபிடவிட்டு எழுதி நோட்டரிகிட்டக் கையெழுத்து வாங்கிக்கலாம்.

சந்துரு: உன்ற மார்க் லிஸ்ட்டக் காட்டுனாப் போதும். என்றது எதுக்கு?

மௌனிகா: எத்தன தடவைங்க சொல்றது, அது கெடைக்காதுன்னு.

சந்துரு: கெடைக்காட்டிப் போகுது. அவிய யுனிவர்சிட்டிக்கே எழுதிக் கேக்கட்டும். 'பெயிலு'ன்னு பதில் வரும். நமக்கு நல்லதுதான?

மௌனிகா: கேக்கக் கூடாது!

சந்துரு: ஏன்?

மௌனிகா: …பதில் வர ஆறு மாசம் ஆகுங்க. அதுக்குள்ள லிஸ்ட்டோட காலம் முடிஞ்சிரும். அவிய எழுதறதுக்கு முன்னாலயே நீங்க போயிச் சொல்லி முடிச்சறோணும். அதுக்குத்தான் கெஞ்சறேன்.

சந்துரு: கெஞ்சற மாதிரியா இருக்குது? கழுத்துல துண்டப் போட்டு முறுக்கறாப்புல இருக்குது.

மௌனிகா: முறுக்குவேன். ரெண்டு வருசங்க! காத்தால மூணு மணிக்கு எந்திரிச்சு, உங்கம்மாவுக்குத் தெரியாம செல்போன் வெளிச்சத்துல படிச்சேன். தமிழ்ல கொஸ்டின் பேப்பர் கேட்டு வாங்கி எழுதுனேன். லட்சக்கணக்குல எழுதுனதுல நூத்தி நாப்பத்தி மூணு. அதையக் கொண்டு போயி வெறும் எடம் பாக்க நல்லால்லைன்னு… எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தப் பிளக்ஸக் கிழிச்சு…

சந்துரு: சரி, தப்புதான்! எத்தன தடவ சொல்றது?

மௌனிகா: ஒரு தடவ கூடச் சொல்லுலீங்க. இப்பத்தான் மொதல்ல சொல்றீங்க.

சந்துரு: …தப்புதான். மன்னிச்சுக்க.

மௌனிகா: மன்னிப்பு எனக்கு வேண்டாம். சாவியக் குடுங்க.

சந்துரு: சர்டிபிகேட்டு பீரோவுல இல்ல.

மௌனிகா: எங்க இருக்குது?

சந்துரு: கம்பெனியில. சேரும்போது வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

மௌனிகா: கான்ட்ராக்டு ஆளுகிட்ட ஒரிஜினல் வாங்கி வெப்பாங்களா? சரி, நாளைக்கி லீவு சொல்லுங்க. நானும் வர்றேன். ரெண்டு பேருமாப் போயிக் கேக்கலாம்.

சந்துரு: கம்பெனியில இல்ல… காலேஜ்லயே இருக்குதுன்னு நெனக்கறேன். பீஸ் பாக்கி இருந்துச்சு…

மௌனிகா: ஒரு நிமிசத்துல பீரோவுல இருந்து கஞ்சிக்கோடு போயி, அங்கிருந்து கோயமுத்தூருக்கே போயிருச்சு. நடந்து போகுதா, பஸ்ல போகுதா?

சந்துரு: நக்கலா?

மௌனிகா: நக்கல் இல்லீங்க, நெஞ்சு எரியுது. எனக்கோசரம் ஒரு காகிதத்த எடுத்துக் காட்ட உங்களுக்கு மனசு வரல. பெயிலான பொண்டாட்டிகூட அந்த ஆபீஸ்ல போயி நிக்கறதுக்குக் கேவலமா இருக்குது. அதுதான? வாயத் தொறந்து சொல்லுங்களேன்.

சந்துரு: அது இல்ல புள்ள.

மௌனிகா: அதேதான்! அண்ணி பேருக்குப் பின்னால எடம் காலியா இருந்தா உங்களுக்குக் கேவலம். அண்ணி பெல்லடிச்சா ஓடுனாக் கேவலம். நீங்க என்ஜினியரு…

சந்துரு: இல்லைங்கறேனல்ல!

மௌனிகா: என்ன இல்ல?

சந்துரு: நான் என்ஜினியரு இல்ல.

மௌனிகா: …என்ன?

சந்துரு: பதினோரு அரியரு. கடைசி செமஸ்டருக்கு நான் போகவே இல்ல. போறேன் போறேன்னு காலைல பையத் தூக்கிட்டுப் பஸ்ஸேறி உக்கடத்துல எறங்கி, சாயங்காலம் வரைக்கும் கொளத்து மேட்டுல உக்காந்துட்டு வருவேன். அப்பனுக்குச் சொல்லுல. அம்மாவுக்குச் சொல்லுல. 'முடிச்சுட்டேன்'னு ஒரே ஒரு தடவ சொன்னேன். மறுநாளே அம்மா ஊரு முழுக்க வடை சுட்டுக் குடுத்துப்போட்டா. அப்பறம் எங்க போயி 'இல்ல'ன்னு சொல்ல?

மௌனிகா: கம்பெனியில…?

சந்துரு: ஹெல்பரு. ப்ளஸ் டூ காட்டித்தான் சேந்தேன். நஜீமு ஐ.டி.ஐ., பர்மனென்டு. நான் அவனுக்கு ஸ்பேனரு எடுத்துக் குடுக்கறேன். அங்கயும் பெல்லடிச்சா ஓடறதுதான். போதுமா?

மௌனிகா: என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கி எங்கப்பா வாசல்ல நின்னு, 'என்ஜினியரு மாப்பிள்ளை, நம்ம புள்ள ஒரு பேப்பர்ல போயிட்டா, அனுசரிச்சுக்கோணும்'னு உங்ககிட்டக் கும்பிட்டுச் சொன்னாரே. உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?

சந்துரு: …இருக்குது.

மௌனிகா: நீங்க என்ன சொன்னீங்க? 'பரவால்லீங்க மாமா, நான் எழுத வெக்கறேன்'னீங்க. பதினோரு பேப்பர வெச்சுட்டு!

சந்துரு: அடி. ரெண்டு அடி வேணும்னா அடிச்சுரு.

மௌனிகா: உங்கம்மா என்னையப் பெயிலானவ பெயிலானவன்னு சொல்றப்பெல்லாம் பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்களே. எப்படீங்க எறங்குச்சு?

சந்துரு: எறங்குல. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்றாப்புலயேதான் இருந்துச்சு. அதனாலதான் அந்தப் பிளக்ஸ்ல… எனக்கே பொய்யா ஒண்ணு போட்டாச்சு, உனக்கும் ஒண்ணு போட்டா ரெண்டு பேரும் சமமாயிருவம்னு நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நெனச்சேன். திட்டவாச்சும் திட்டு.

மௌனிகா: திட்டறதுக்குத் தெம்பில்லீங்க.

சந்துரு: நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எனக்கு இப்ப பயம் போயிருச்சு. உன்கிட்டச் சொல்லிட்டேன், இனி எவன்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். பதினெட்டாந் தேதி நான் வர்றேன். சர்டிபிகேட்டு எதுக்கு? 'சார், நானும் பி.இ. இல்ல, அவளும் பி.காம் இல்ல. ரெண்டையும் நான்தான் பொய்யாப் போட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். தன்னையே ஒருத்தன் பொய்யன்னு எழுதிக் குடுத்தா நம்பாம இருப்பாங்களா? அம்மாவுக்குத் தெரியட்டும், பொள்ளாச்சிக்குத் தெரியட்டும். உன்ற வேலை எனக்கு முக்கியம். போட்டது ரெண்டும் பொய். அதைய நான் எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன்.

மௌனிகா: வேண்டாமுங்க, எழுதிக் குடுக்காதீங்க… அன்னைக்கி மாட்டுச்சாளையில உக்காந்து நான் அழுதது, பாஸாயிட்டதுக்குங்க, இனி இந்தப் பரிட்சைய எழுத முடியாதேன்னு. ரெண்டுல நீங்க பொய்யின்னு நெனச்சு என்ற பேருக்குப் போட்டீங்களே, அது மட்டுந்தானுங்க நெசம்.